எந்த நியூஸ்லெட்டருக்கு இன்பாக்ஸில் இடம் கொடுப்பது?

ஆங்கிலத்தில் நல்ல நியூஸ்லெட்டர்கள் (மெயிலில் தொடர்ந்து வரும் மடல்கள்) நிறைய வருகின்றனவாமே, எதில் தொடங்கலாம் என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் ஏற்கெனவே பத்துப் பதினைந்துக்குப் பதிவு செய்து, ஒன்றையும் திறக்காமல் குவித்து வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நீளமான பட்டியல் உதவாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிடத்தான் உதவி வேண்டும்.

அதனால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிக் கேவின் 'தி ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்', மரியா போபோவாவின் 'தி மார்ஜினாலியன்', ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சனின் 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஆன் அமெரிக்கன்', மேட் லெவினின் 'மணி ஸ்டஃப்', ஜேம்ஸ் கிளியரின் '3-2-1'. ஐந்தும் பெருங்கூட்டத்துக்குப் போகிறவை. ஆனாலும் முதல் நான்கைப் படிக்கும்போது, நமக்கென்று ஒருவர் உட்கார்ந்து எழுதிய உணர்வு வருகிறது. ஐந்தாவது வேறு வேலைக்கானது. ஆனால் பலரும் முதலில் பதிவு செய்வது அதற்குத்தான் என்பதால் ஒப்பிடாமல் விட முடியாது.

அந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது? நம் பெயரைப் போட்டு அழைப்பதிலிருந்து நிச்சயமாக வரவில்லை. பெயரைச் செருகுவது மென்பொருளின் வேலை. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அனுப்பும் மெயிலிலும் நம் பெயர் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதும் இல்லை. அண்ணா 'தம்பிக்கு' என்று தொடங்கியும், கலைஞர் 'உடன்பிறப்பே' என்று அழைத்தும் இதழ்களில் எழுதிய கடிதங்களை ஆயிரக்கணக்கானோர் தங்களுக்கு வந்த கடிதமாகவே படித்தார்கள். எழுதுகிறவர் தன் மனதில் யாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

குரல். எழுதுகிறவரின் பெயரை மறைத்தாலும் இவர்தான் எழுதினார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா?

பதில். நாம் திருப்பி எழுதினால் அது ஒரு மனிதரைப் போய்ச் சேருமா? சேர்ந்ததற்கான அடையாளம் அடுத்த மடல்களில் தெரிகிறதா?

நேரம். வாரத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்.

ஆங்கிலம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலம் பழகிய ஒருவருக்கு, மேலே சொன்ன ஐந்தும் ஒரே அளவு எளிதல்ல.

செலவு. சந்தா மட்டுமல்ல; கவனம், மனநிலை, வாங்கத் தூண்டப்படும் பொருள்கள் எல்லாம் சேர்த்து.

இந்த ஐந்து அளவுகோல்களில், என் கணக்கில் முதல் இரண்டுக்கும் எடை அதிகம். வேலைக்காகப் படிக்கிறவர் மூன்றாவதையும் நான்காவதையும் முன்னே வைக்கலாம்.

| மடல் | எப்போது வரும் | கட்டணம் | ஆங்கிலம் | பதில் எழுத வழி |
|---|---|---|---|---|
| ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ் | குறித்த நாள் இல்லை | இலவசம் | எளிது | கேள்வி அனுப்புவதே அடிப்படை |
| மார்ஜினாலியன் | ஞாயிறு (புதனன்று தனியே இன்னொன்று) | இலவசம், நன்கொடை | கடினம் | குறைவு |
| லெட்டர்ஸ் ஃப்ரம் ஆன் அமெரிக்கன் | ஏறக்குறைய தினமும் | இலவசம். கருத்து எழுதச் சந்தா | நடுத்தரம் | சந்தாதாரருக்குக் கருத்துப் பகுதி |
| மணி ஸ்டஃப் | பெரும்பாலான வாரநாட்களில் | மெயிலில் இலவசம் | துறைச்சொற்கள் அதிகம் | வாசகர் மெயில் மடலிலேயே வரும் |
| 3-2-1 | வியாழன் | இலவசம் | மிக எளிது | குறைவு |

## தி ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்

நிக் கேவ் ஆஸ்திரேலியாவில் பிறந்த பாடகர், பாடலாசிரியர். 2015 ஜூலையில் அவருடைய 15 வயது மகன் ஆர்தர் இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே ஒரு செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பரில் இந்த மடல் தொடங்கியது. ஏற்பாடு மிக எளிமையானது: யாரும் எதையும் கேட்கலாம், நடுவில் வடிகட்ட ஆள் கிடையாது, கேள்விகளை அவரே படித்துச் சிலவற்றுக்குப் பதில் எழுதுவார்.

தொடங்கிய சில வாரங்களிலேயே, நெருங்கியவர்களைப் பறிகொடுத்த ஒரு வாசகி அவரிடம் கேட்டார்: இறந்துபோன உங்கள் மகன் உங்களோடு இருப்பதாகவும் ஏதோ விதத்தில் பேசுவதாகவும் நீங்கள் உணர்கிறீர்களா? அதற்கு அவர் எழுதிய பதில் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அன்பு வைத்தால் துக்கமும் உண்டு, இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அதன் சாரம். மகன் தன் அருகில் இருப்பதாகத் தோன்றுவதை அறிவியல் ஒப்புக்கொள்ளுமா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. அந்த இருப்பு தனக்கு எப்படி உதவுகிறது என்று மட்டும் எழுதினார். துக்க வீட்டில் உருப்படியாக ஒரு சொல் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் எழுதிய கடிதம் அது.

2023 ஜனவரியில் இன்னொரு வாசகர், செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடியிடம் 'நிக் கேவ் பாணியில்' எழுதி வாங்கிய பாடலை அவருக்கு அனுப்பினார். பதில் காட்டமாக வந்தது. பாட்டு பிறப்பது படுகின்ற பாட்டிலிருந்து. தரவுக்கு வலி கிடையாது. எனவே இது மனிதராக இருப்பதையே கேலி செய்வது என்று எழுதினார். அவரோடு உடன்படாதவர்களும் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். வாசகர் அன்போடு அனுப்பியதை அவர் அன்போடே மறுத்தார்; மறுப்பை மழுப்பவும் இல்லை. பெரிய பெயர்கள் தங்கள் ரசிகரிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது.

இதில் நமக்கென்று எழுதியதுபோன்ற உணர்வு வருவதற்கு இந்த அமைப்பே காரணம். ஒவ்வொரு மடலின் தலையிலும் கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் இருக்கும். பதில் அந்த ஒருவருக்குத்தான். நாம் பக்கத்தில் அமர்ந்து கேட்கிறோம். கேட்கக் கேட்க அது நம் கேள்வியாகிவிடுகிறது.

மறைமுகச் செலவு: மனதின் பாரம். மரணம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு என்று கனமானவை திடீரென இன்பாக்ஸில் வந்து நிற்கும். அலுவலக மெயிலுக்கு நடுவே திறக்கத் தகுந்ததல்ல. நீங்கள் அனுப்பும் கேள்விக்குப் பதில் வராமலே போகும் வாய்ப்பே அதிகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு: இழப்பைச் சந்தித்தவர்களுக்கு, கலைத்துறையில் வேலை செய்து இடையில் சோர்ந்துபோனவர்களுக்கு. அவருடைய இசையை ஒரு முறைகூடக் கேட்டிராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

## தி மார்ஜினாலியன்

பல்கேரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் மரியா போபோவா, 2006இல் நண்பர்கள் ஏழு பேருக்கு அனுப்பிய மெயிலாக இது தொடங்கியது. 'பிரெய்ன் பிக்கிங்ஸ்' என்ற பெயரில் 15 ஆண்டுகள் ஓடி, 2021இல் இப்போதைய பெயருக்கு மாறியது. பழைய கடிதங்கள், நாட்குறிப்புகள், கவிதைகள், அறிவியலாளர் வாழ்க்கைகள் என்று தான் படித்தவற்றை ஒன்றோடொன்று கோத்து எழுதுகிறார். விளம்பரம் கிடையாது, வாசகர் நன்கொடையில் நடக்கிறது.

இதில் அவர் தன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஆனாலும் ஓராண்டு தொடர்ந்து படித்தால் அவருடைய மனநிலைகள் நமக்குப் பிடிபட்டுவிடும். எந்த மாதம் பிரிவைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார் என்பதைத் தேர்வுகளே காட்டிக்கொடுக்கும். மடலின் ஒவ்வொரு ஆண்டு நிறைவிலும் இந்த வேலையில் தான் கற்றவற்றை எழுதுவார். ஏழாம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பட்டியலின் முதல் பாடம், மனதை மாற்றிக்கொள்ளும் சங்கடமான சொகுசை உங்களுக்கு நீங்களே கொடுங்கள் என்பது. பதினைந்து ஆண்டு புழங்கிய பெயரையே மாற்றியவர் அதைச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

இரண்டு சிக்கல்கள் உண்டு. வாக்கியங்கள் நீளம், சொற்கள் அடர்த்தி. அவசரத்தில் படித்தால் ஒன்றும் நிற்காது. இன்னொன்று, நீளம் காரணமாக ஜிமெயில் பாதியில் வெட்டிவிடக்கூடும். மெயிலின் அளவு 102 கேபி தாண்டினால் மீதியைத் தனியே தட்டித்தான் திறக்க வேண்டும். வெட்டப்பட்டது தெரியாமல் முடிந்துவிட்டதாக நினைத்து மூடுகிறவர்கள் உண்டு. கடைசி வரி வரை பாருங்கள்.

மறைமுகச் செலவு புத்தகங்கள்தான். படித்து முடிக்கும்போது இரண்டு நூல்களாவது வாங்கத் தோன்றும். மடலில் உள்ள நூல் இணைப்புகள் வழியே வாங்கினால் அவருக்கு ஒரு சிறு பங்கு போகும். இதை அவரே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார்.

யாருக்கு: ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் கிடைக்கிறவர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு. ஒரே நூலைத் தொடர்ந்து படிக்கும் பழக்கமுள்ளவருக்கு இது கவனத்தைச் சிதறடிக்கலாம்.

## லெட்டர்ஸ் ஃப்ரம் ஆன் அமெரிக்கன்

ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் பாஸ்டன் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். 2019 செப்டம்பரில் ஒருநாள் அவரைக் குளவி கொட்டியது. ஒவ்வாமை உள்ளவர் என்பதால் உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயங்கி வீட்டிலேயே காத்திருந்தார். அந்த நேரத்தில் வாஷிங்டனில் எழுந்த ஒரு புகாரைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்தப் புகார்தான் பின்னர் ட்ரம்ப் மீதான முதல் பதவிநீக்க நடவடிக்கையில் போய் நின்றது. படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அவர் பதில் எழுதினார், அது அன்றாடக் கடிதமாகிவிட்டது.

இந்தப் பிறப்பு அதன் நடையில் இன்னும் தெரிகிறது. தலைப்பு எதுவும் கிடையாது, தேதி மட்டும். இன்று நடந்ததைச் சொல்லிவிட்டு, 1860களிலோ 1930களிலோ இதே போன்ற தருணத்தில் என்ன நடந்தது என்று கூட்டிப்போவார். வகுப்பில் பின்வரிசை மாணவருக்கும் புரிய வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியரின் ஆங்கிலம். அடியில் ஆதாரங்களைக் கொடுத்துவிடுவார். களைத்த இரவுகளில் கட்டுரைக்குப் பதிலாக ஒரு புகைப்படத்தை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறேன் என்பார். அந்தப் படங்களை நான் மிகவும் மதிக்கிறேன். மறுமுனையில் ஓய்வு தேவைப்படும் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவை நினைவூட்டுகின்றன.

அவர் நடுநிலை வேடம் போடுவதில்லை. ஜனநாயக நிறுவனங்கள் பற்றிய அவர் நிலைப்பாடு ஒவ்வொரு மடலிலும் தெரியும். அமெரிக்க வலதுசாரி வாதத்தை அதன் சொந்தக் குரலில் கேட்க விரும்புகிறவர் வேறு இடமும் தேட வேண்டும்.

மறைமுகச் செலவு: தினம் ஒன்று. மூன்று நாள் விட்டால் குவியல், ஒரு வாரம் விட்டால் குற்றவுணர்வு. வேறொரு நாட்டின் அரசியல் பதற்றத்தை நம் காலைப்பொழுதில் சுமப்பதும் ஒரு செலவுதான். அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும், அங்கே விசாவில் இருப்பவர்களுக்கும், அரசியல் அறிவியல் மாணவர்களுக்கும் அந்தச் செலவு தகும். மற்றவர்கள் வாரத்தில் ஒருநாள் மடலை மட்டும் படித்தாலே போதும்.

## மணி ஸ்டஃப்

நிதித்துறையைப் பற்றிய மடல் எப்படி நெருக்கமாக இருக்க முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகவே இதைச் சேர்த்தேன். மேட் லெவின் முன்பு பள்ளியில் லத்தீன் கற்பித்தவர், நிறுவன இணைப்புகளைக் கையாண்ட வழக்கறிஞர், கோல்ட்மன் சாக்ஸில் வங்கியாளர். இப்போது நிதிச் செய்தி நிறுவனமான புளூம்பெர்க்கில் எழுதுகிறார். 2022 அக்டோபரில் புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழின் ஒரு முழு வெளியீட்டையும் கிரிப்டோ பற்றிய சுமார் 40,000 சொற்களால் அவர் ஒருவரே நிரப்பினார்.

அவருடைய உத்தி, வாசகரைப் புத்திசாலியாக நடத்துவது. ஒரு நிறுவனம் செய்த தில்லுமுல்லு வெளியாகிறது என்றால், யார் கெட்டவர் என்று தொடங்காமல், இந்தப் பத்திரத்தை எழுதியவர்கள் என்ன நினைத்து இப்படி எழுதினார்கள் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டுவார். உள்தகவல் வர்த்தகம் (வெளியே தெரியாத நிறுவனத் தகவலை வைத்துப் பங்கு வாங்குவது, விற்பது) பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொல்வது: அமெரிக்கச் சட்டத்தில் அது நியாயம் பற்றிய குற்றமல்ல, திருட்டு பற்றிய குற்றம்; உனக்குச் சொந்தமில்லாத தகவலை எடுத்துப் பயன்படுத்தியதுதான் தவறு. அதைச் செய்ய நினைப்பவர்களுக்கு அவர் வகுத்த விதிகளில் முதலாவது, செய்யாதே. இரண்டாவது, கையகப்படுத்தப்படவிருக்கும் நிறுவனத்தின் குறுகிய கால 'கால் ஆப்ஷன்'களை (பங்கு விலை ஏறும் என்று நம்பி வாங்கும் ஒப்பந்தங்களை) வாங்கி அதைச் செய்யாதே. இப்படிச் செய்தவர்கள் பிடிபடும் செய்தி வரும்போதெல்லாம் அந்த விதி மடலில் மீண்டும் தலைகாட்டும்.

இந்தத் திரும்ப வருதல்தான் நெருக்கத்தை உண்டாக்குகிறது. பல ஆண்டுகளாக ஒரே மேசையில் அமர்ந்தவர்களுக்குள் பாதி சொன்னாலே புரிகிற பேச்சு இருக்குமல்லவா, அது இந்த மடலுக்கும் வாசகருக்கும் இடையே உருவாகியிருக்கிறது. வாசகர்கள் மெயிலில் அனுப்பும் திருத்தங்களும் புதிர்களும் மறுநாள் மடலில் வரும். அடிக்குறிப்புகளில் தனியே ஒரு உரையாடலே நடக்கும். அவற்றைத் தவிர்க்காமல் படியுங்கள், பல நாள் அங்கேதான் சிறந்த பகுதி இருக்கும்.

கட்டணம் விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இணையதளத்தில் படிக்க முயன்றால் புளூம்பெர்க்கின் சந்தாச் சுவர் தடுக்கும். மெயிலில் பதிவு செய்தால் இலவசம்.

மறைமுகச் செலவு: முதல் மாதம். பாண்டு, ஷார்ட், ஆப்ஷன், டெரிவேட்டிவ் எல்லாம் பழகும்வரை பாதி புரியாது. எடுத்துக்காட்டுகள் முழுக்க அமெரிக்கச் சட்டமும் சந்தையும் சார்ந்தவை; இங்கே பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் வேறு, அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. எந்தப் பங்கை வாங்கலாம் என்ற ஆலோசனையும் இதில் கிடைக்காது.

யாருக்கு: சிஏ, எம்பிஏ, சட்டம் படிப்பவர்களுக்கு, வங்கி, ஐடி நிறுவனங்களின் நிதிப் பிரிவில் இருப்பவர்களுக்கு. தெளிவாக எழுதக் கற்க விரும்பும் எவருக்கும்.

## 3-2-1

ஜேம்ஸ் கிளியர், பழக்கங்கள் பற்றிய பெரிதும் விற்பனையான நூல் ஒன்றின் ஆசிரியர். வியாழன்தோறும் தன்னுடைய 3 சிந்தனைகள், பிறருடைய 2 மேற்கோள்கள், வாசகருக்கு 1 கேள்வி. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெறுகிறார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆங்கிலம் மிகத் தெளிவு.

நன்றாகச் செதுக்கிய மடல்தான். ஆனால் அதில் எழுதியவரின் அன்றைய நாள் இல்லை. எந்த வியாழனில் எந்த மடல் வந்தாலும் பொருந்தும். கடைசிக் கேள்வி சில வாரம் உண்மையிலேயே உட்கார்ந்து யோசிக்க வைக்கும்; அதற்காக வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஆங்கில வாசிப்புக்கு வருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகள்

பணத்தில் தொடங்குவோம். எழுத்தாளர்கள் மடல் அனுப்பப் பயன்படுத்தும் சப்ஸ்டேக் தளத்தில் வரும் மடல்களுக்கு மாதம் 5 டாலர், ஆண்டுக்கு 50 டாலர் என்பது வழக்கமான சந்தா. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 4,250. அதன்மேல் கார்டின் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் சுமார் 149 ரூபாய், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 4,425 ரூபாய்க்கு மேல். கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகள் நடைமுறைக்கு வந்தபின் மாதாமாதம் போகும் வெளிநாட்டுச் சந்தாக்கள் நம் கார்டில் தடைபடுவது உண்டு. கட்டுவதென்றால் ஆண்டுச் சந்தாவே தொல்லை குறைவு. நீங்கள் கட்டுவதில் 10 சதவீதம் சப்ஸ்டேக்குக்கும், இன்னொரு சிறு பகுதி பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கும் போகும், மீதி எழுத்தாளருக்கு.

கண்காணிப்பு அடுத்தது. மடலைத் திறந்தீர்களா என்று தெரிந்துகொள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை மெயிலுக்குள் வைப்பது பரவலான வழக்கம். 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் இதை மறைக்கும் வசதி கொடுத்தது. ஜிமெயிலில் வெளிப்படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

சேமிப்பையும் மறக்க வேண்டாம். சிறு எழுத்தாளர்கள் பலர் கூடியிருந்த டைனிலெட்டர் என்ற மடல் தளம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. ட்விட்டர் வாங்கிய இன்னொரு மடல் தளமான ரெவ்யூ 2023 ஜனவரியில் போனது. நெருக்கமான மடல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறிய இடங்களில்தான் பிறந்தன. உங்களைத் தொட்ட மடலை இன்பாக்ஸிலேயே விட்டுவைக்காமல் பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள்.

## சரி, எதை எடுப்பது?

வீட்டில் ஓர் இழப்பு நடந்திருக்கிறது, பேச ஆளில்லை என்றால் ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ். தொடக்க காலத்துக் கடிதங்களிலிருந்து படியுங்கள்.

வேலையில் கூர்மை வேண்டும், நிதி அல்லது சட்டம் உங்கள் துறை என்றால் மணி ஸ்டஃப். ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

படிக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது, திரும்ப வேண்டும் என்றால் மார்ஜினாலியன். ஆங்கிலமே தயக்கம் என்றால் முதலில் 3-2-1, ஆறு மாதம் கழித்து ரெட் ஹேண்ட் ஃபைல்ஸுக்கு மாறலாம். அமெரிக்க அரசியல் உங்கள் குடும்பத்தைத் தொடுகிறது என்றால் ரிச்சர்ட்சன்.

எந்தத் தேவையும் சொல்லாமல், ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் நான் நிக் கேவையே சொல்வேன். முகம் தெரியாத ஒருவரின் கேள்விக்கு இவ்வளவு பொறுப்போடு பதில் எழுதும் வேறு எதையும் நான் இணையத்தில் படித்ததில்லை.

தேர்ந்தெடுத்ததும் முதல் மடலை ஜிமெயிலின் புரமோஷன்ஸ் பகுதியிலிருந்து பிரைமரிக்கு இழுத்துப் போடுங்கள். அடுத்தவை பெரும்பாலும் அங்கேயே வரும். மற்றவற்றிலிருந்து அன்றே விலகிவிடுங்கள். பெருமளவில் மெயில் அனுப்புவோர் ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் கட்டாயமாக்கிவிட்டன, எனவே அது நொடி வேலை. எட்டு மடல் படித்தபின், எழுதியவருக்கு ஒரு வரியாவது எழுதத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றவில்லை என்றால் பட்டியலில் அடுத்ததற்கு மாறுங்கள். தோன்றினால், எழுதி அனுப்பிவிடுங்கள்.